என் பேரில் இருந்த கம்பெனி

கம்பெனி என் பேரில்தான் இருந்தது. திருப்பூரில் அப்போது பல பேர் அப்படித்தான் செய்தார்கள். வருமான வரிக்கு நல்லது என்று ஆடிட்டர் சொன்னால் போதும், வாசல் போர்டிலும் பேங்க் கணக்கிலும் மனைவி முதலாளியாகிவிடுவாள். அந்த முதலாளி வீட்டில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பாள். நானும் அப்படிப்பட்ட முதலாளிதான். பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டுப் பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்தோம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்தது.

இரண்டாயிரங்களின் கடைசியில், வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஒரு ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை காலை வீட்டு ஃபோன் அடித்தது. வருமான வரி ஆபீஸிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான்.

"மேடம், நீங்கதானே புரொப்ரைட்டர்?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கட்டிய வரியில் கொஞ்சம் திரும்பி வருகிறது, கணக்கில் போட ஏடிஎம் கார்டு எண் வேண்டும் என்றான். மறுநாள் சம்பளப் பணம் எடுப்பதற்காக வீட்டுக்காரர் கார்டை டிவி மேல் வைத்திருந்தார். டைலர்களின் வாரச் சம்பளம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. அது போனால் சனிக்கிழமை கொடுக்க எங்களிடம் வேறு பணம் கிடையாது. அதையெல்லாம் யார் நினைத்தார்கள்? கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அடுத்து ரகசிய எண்ணைக் கேட்டான். அது எனக்குத் தெரியாது.

"கேட்டுச் சொல்றேனுங்க, கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்க" என்றேன்.

கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். திருநெல்வேலிக்காரரான கட்டிங் மாஸ்டர்தான் எடுத்தார். மெஷின் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேசினோம்.

"ஏனுங்க மாஸ்டர், அவரு வந்தா ஏடிஎம் நம்பரைச் சொல்லச் சொல்லுங்க."

"அதுக்கு எதுக்குக்கா மொதலாளியத் தேடுதீய? நாஞ் சொல்லுதேன்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்லா. சனிக்கிழமை யாரு சும்மா இருக்காவளோ, அவங்கதான போய் எடுத்துட்டு வாராவ."

அந்தக் கம்பெனியில் என் எண் தெரியாத ஒரே ஆள் நான். அவர்களில் யாரும் ஒரு ரூபாய் கூட்டி எடுத்ததில்லை, அது வேறு விஷயம். எனக்கு அவமானமாக இருந்தது. மாஸ்டர் எண்ணைச் சொல்வதற்குள் படாரென்று ஃபோனை வைத்துவிட்டேன்.

அந்த ஆள் மறுபடி கூப்பிட்டான். வீட்டுக்காரர் மேலிருந்த ஆத்திரத்தை எல்லாம் அவன் தலையில் கொட்டினேன்.

"ஊருக்கே தெரியுமுங்க, எனக்குத்தான் தெரியாது! பேருக்குத்தானுங்க நான் மொதலாளி! அவரையே கேளுங்க, எனக்கும் சேர்த்துக் கேளுங்க!"

அவன் ஏதோ சொல்லப் பார்த்தான். நான் விடவில்லை. கடைசியில் அவனே வைத்துவிட்டான்.

மதியம் சாப்பிட வந்தவருக்குச் சோறு போடாமல் சண்டை போட்டேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. உடனே ஆடிட்டருக்கு ஃபோன் போட்டார். எந்த ஆபீஸிலும் ரகசிய எண்ணைக் கேட்க மாட்டார்கள், கேட்டவன் திருடன், பேங்கில் சொல்லிவிட்டு எண்ணை மாற்றுங்கள் என்று ஆடிட்டர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"நல்லவேளை, உனக்கு நம்பர் தெரியல" என்று சிரிக்கப் பார்த்தார்.

நான் சிரிக்கவில்லை. "இனி நாந்தானுங்க மாத்துவேன். ஆருக்கும் சொல்ல மாட்டேன், உங்களுக்குந்தான்."

பேங்கில் சொல்லிவிட்டு ஏடிஎம்முக்குப் போனோம். பழைய எண்ணை அவர் அழுத்தினார். புது எண் கேட்டதும், நான் சொல்லாமலே வெளியே போய், கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார்.

அதன் பிறகு சனிக்கிழமை நான் போனால்தான் சம்பளம். ஸ்கூட்டரில் கூட்டிப் போவார். வழியில் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தருவார். "மொதலாளியம்மா வந்துட்டாவ" என்று மாஸ்டர் கத்தினால் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும். அந்தச் சனிக்கிழமைகளில் இருந்த சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

எண்ணை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பல வருஷம் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, இனி இவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தோன்றியது. காதருகே குனிந்து அந்த நாலு இலக்கத்தில் முதலாவதைச் சொன்னேன்.

"மெதுவா அம்மிணி, நர்ஸுக்குக் கேட்டுறப் போவுது" என்றவர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.