கை நனைத்துவிட்டு வந்தவள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கட்டைப்பை தொங்குகிறது. ஜவுளிக்கடையில் கொடுத்த பை. அதில் அச்சடித்திருந்த மணப்பெண்ணின் முகம் துவைத்துத் துவைத்து எப்போதோ போய்விட்டது. நெற்றிச்சுட்டியும் சேலையின் சிவப்பும் மட்டும் மிச்சம். அக்காவின் முகூர்த்தப் புடவை வந்த பை அது. அந்தக் கல்யாணம் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. பை தாங்கிவிட்டது. என்னோடு யார் சண்டை போடலாம், யார் போடக்கூடாது என்று முடிவு செய்ய அக்கா ஊர் ஊராகப் போனபோதெல்லாம் அவள் தோளில் தொங்கியது இந்தப் பைதான்.

நான் குத்துச்சண்டைக்காரி. பதக்கத்துக்காக ஆடுகிற சண்டை இல்லை, கூலிக்கு ஆடுகிற தொழில்முறைச் சண்டை. தர்மபுரிப் பக்கம் இண்டூரில் கடலைக்காடு வைத்திருக்கிற ஒரு வீட்டுப் பெண்ணுக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அதை இன்னொரு நாள் பேசலாம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்தத் தொழிலில் எதிராளியை நாம் தேடிப் போவதில்லை. பெங்களூரில் ஓர் ஏஜெண்டு இருப்பார், போன் வரும், இன்ன ஊர்ப் பெண், இத்தனை எடை, சம்மதமா என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இளைத்த ஆட்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். ஜெயித்து ஜெயித்துப் பெயர் வரட்டும் என்று. எப்போது பலமான ஆளின் முன்னால் நிறுத்துவது என்பதில்தான் எல்லாச் சண்டையும். சீக்கிரம் நிறுத்தினால் பிள்ளை உடைந்துவிடும். தாமதித்தால் சோப்பளாங்கிகளை அடித்தே காலம் போய், கடைசியில் ஒன்றும் தெரியாமல் நிற்கும். தர்மபுரியில் சிமெண்டுக் கடை மாடியில் எனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர், சீக்கிரம் நிறுத்தக்கூடாது என்கிற கட்சி. "அவசரப்படாத. நாலஞ்சு சண்டை போவட்டும்" என்பார். எனக்கோ அப்போது இருபத்திரண்டு வயது. நாளைக்கே பெரிய ஆளை அடித்து வீழ்த்த வேண்டும் என்று கை அரித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி படுத்தால் பயமாகவும் இருக்கும்.

அக்காவுக்குக் குத்துச்சண்டையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரம் இட்லிக்கடை வைத்திருந்தாள். என் முதல் சண்டைக்கு ஏஜெண்டிடமிருந்து போன் வந்த அன்றைக்கே, "அந்தப் புள்ள யாரு, எந்த ஊரு, வூட்டுல யாரெல்லாம்?" என்று ஆரம்பித்துவிட்டாள். ஓசூர் என்றேன். மறுநாள் கடையை மூடிவிட்டு, கட்டைப்பையில் கொஞ்சம் வறுத்த கடலையும் சீத்தாப்பழமும் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மாஸ்டருக்குத் தலை சுற்றியது. "ஏம்மா, நான் ஃபைட்டு பேசறேனா, சம்மந்தம் பேசறேனா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கா அசரவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானுங்க மாஸ்டர். நம்ம புள்ளைய இன்னொருத்தர் கையில குடுக்கறோமில்ல" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பார்க்கப் போனால் ஒரு வழக்கம் உண்டு. இடம் பிடிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், வயிறு சரியில்லை என்பார்கள், எழுந்து வந்துவிடுவார்கள். பிடித்திருந்தால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டு வந்தாயிற்று என்றால் பேச்சு முடிந்தது. அக்கா இதை அப்படியே என் தொழிலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஓசூரில் எலுமிச்சைச் சோறு. அடுத்தது திருவண்ணாமலைப் பக்கம், அங்கே ரசம் நன்றாக இல்லையாம், இருந்தாலும் கை நனைத்தாயிற்று. எதிராளியின் அம்மாக்கள் முதலில் திகைப்பார்கள். பிறகு அவர்களே அக்காவுக்கு முருங்கைக்காய் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் காயைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் பெண்ணையே போய் நான் குத்தினேன். என்ன பிழைப்போ! ஆனால் அப்படி அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்த முதல் மூன்று சண்டைகளிலும் எனக்குப் பயமே இருந்ததில்லை.

நாலாவது சண்டைக்கு இரண்டு பெயர்கள் வந்தன. ஒருத்தி வேலூர்ப் பக்கத்துப் புதுப் பெண். ஒரு சண்டைகூட ஜெயித்ததில்லை. இன்னொருத்தி கோலார்க்காரி. அவள் பெயரைச் சொன்னாலே ஜிம்மில் பேச்சு நின்றுவிடும். அவளிடம் தோற்று, அதோடு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போன பெண்களை எனக்கே தெரியும். மாஸ்டர் ஒரே பிடியாக வேலூர் என்றார். "நாலாவதுலயே கோலாரா? பிஞ்சக் கிள்ளிப் போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் கோலார்தான் வேண்டும், ஆனால் வாயைத் திறந்து கேட்கத் தைரியம் இல்லை. உடைந்துபோனால் திரும்பக் கடலைக்காடுதான். அக்கா எப்படியும் இளைத்த இடத்தைத்தான் கை காட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் இரண்டு ஊருக்கும் போனாள். வேலூரிலிருந்து பசியோடு வந்தாள். கோலாரிலிருந்து வந்தபோது பையில் ஒரு டப்பா நிறைய ஒப்பட்டு, அதாவது போளி, இருந்தது.

"கோலார்ல கை நனைச்சிட்டேன் மாஸ்டர்" என்றாள், மறுநாள் இட்லிக்கடைக்கு வந்தவரிடம்.

மாஸ்டர் கத்து கத்தென்று கத்தினார். உனக்கு என்ன தெரியும், அவள் குத்து ஒவ்வொன்றும் உலக்கை, தங்கச்சியைக் கொல்லப் பார்க்கிறாயா என்றெல்லாம் கேட்டார். அக்கா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். "பலமா அடிக்கறாளான்னு பாக்க நான் போவலீங்க. நிறுத்தறாளான்னு பாக்கத்தான் போனேன். வேலூருப் புள்ள பயிற்சி பண்ணிக்கிட்டிருந்தா. எதுக்க இருந்த புள்ள மொகத்தத் திருப்பிக்கிச்சு, வாத்தியாரு போதும்ங்கறாரு, இவ அதுக்கப்புறமும் குத்து வெக்கறா. சுத்தி நிக்கறவங்க சிரிக்கறாங்க. கோலாருப் புள்ள அடிக்கறது இடிதானுங்க, இல்லைங்கல. ஆனா மணி அடிச்சதும் மூக்குக்கு ஒரு வெரக்கட முன்னால கை காத்துலயே நின்னுபோச்சு. நின்னுட்டு, வலிக்குதான்னு கேக்கறா. அவகிட்ட எம் பாப்பா தோத்தாலும் வூடு வந்து சேருவா." மாஸ்டர் ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

தோற்றேன். பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் இரண்டு ரவுண்டும் சமாளித்தேன் என்று இன்றைக்கும் சாதிப்பேன். மூன்றாவதில் மூலையில் மாட்டினேன், வயிற்றில் ஒன்று விழுந்தது, கை இறங்கிவிட்டது. அவளுடைய வலது கை கிளம்பியதைப் பார்த்தேன். அதே நொடி நடுவர் விலகச் சொல்லிக் குரல் கொடுத்தார். கிளம்பிய கை என் காதோரம் வந்து நின்றது. அதன் காற்று என் மேல் பட்டது. அந்த ஒரு கணத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. கடைசி ரவுண்டில் நான் ஆடியது போல அதற்கு முன்பு ஆடியதில்லை என்று மாஸ்டரே ஒத்துக்கொண்டார். புள்ளிகளில் தோற்றேன், ஆனால் ஆளாகி வந்தேன். பலமான ஆளை எப்போது பார்ப்பது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், சீக்கிரமா தாமதமா என்று நான் பேசுவதில்லை. ஆள் எப்படிப்பட்ட ஆள் என்றுதான் கேட்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் வீங்கிய கன்னத்தில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள் அக்கா. கிருஷ்ணகிரி தாண்டியதும், ஏன்க்கா இப்படி ஊர் ஊராக அலைகிறாய் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு யாரும் போயிப் பாக்கலடி. பென்னாகரத்துல நல்ல எடம், பையன் லாரி வெச்சிருக்கான்னாங்க, அப்பா சரின்னுட்டாரு. ஒருத்தர் போயி அந்தத் தெருவுல அரை நாள் நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். அந்தாளு அடிச்சான்ங்கறதுகூடப் பெருசில்லடி. போதும்னா நிறுத்தத் தெரியாது அவனுக்கு." அவ்வளவுதான். பாட்டிலை மறுகன்னத்துக்கு மாற்றினாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கன்னம் வலிக்கிறது என்று சொல்லி அழுது தீர்த்தேன்.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து அக்காவுக்கே ஓர் இடம் வந்தது. கொள்ளேகால் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவர், மனைவியை இழந்தவர். தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா கடையில்தான் இட்லி. பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் சட்னியைப் புகழ்வார். அக்கா முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆனால் அவர் வருகிற நாளில் சட்னியில் கறிவேப்பிலை கூடுதலாக இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஒரு நாள் கட்டைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். "எங்கடி?" என்றாள். "மாப்பிள்ளை வூடு பாக்க" என்றேன். அவள் திட்டத் தொடங்குவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

அவருக்குச் சொல்லாமல்தான் போனேன். போனபோது அவர் தோட்டத்தில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். அந்த வீட்டு ஆடுகள் மல்பெரிச் செடியை மொட்டையடித்திருந்தன. அவர் முகம் சிவந்திருந்தது, கையில் தடி ஓங்கியிருந்தது. அப்படியே திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவருடைய அம்மா, "சாக்கு, பிடப்பா" என்றார். போதும், விடப்பா என்று அர்த்தம். உரக்கக்கூடச் சொல்லவில்லை. ஓங்கிய தடி இறங்கிவிட்டது. பாதியில் நின்ற வசவை விழுங்கிக்கொண்டு, மூச்சு வாங்க நின்று, பிறகு அவரே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டார். நான் கோலார்க்காரியின் கையைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார். இரண்டு உருண்டை சாப்பிட்டேன். கை கழுவியதும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கை நனைச்சிட்டேன்க்கா."

அந்தப் பக்கம் கடையில் யாரோ இட்லி கேட்கிற குரல் மட்டும் கேட்டது. பிறகு, "நல்லா சாப்ட்டியா?" என்றாள்.

நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் அக்காவை நானே கொள்ளேகாலுக்கு அனுப்பி வைத்துவிட்டேன். அவள் நன்றாக இருக்கிறாள், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அதியமான்கோட்டையில் அவள் கடை இருந்த இடத்தில் இப்போது பஞ்சர் கடை. பஸ்ஸில் அந்த இடம் வரும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொள்கிறேன். ஏஜெண்டு போன் செய்தால் நானே சரி என்கிறேன், நானே போகிறேன். மண்டபத்தில் ரவுண்டுக்கு ரவுண்டு மூலையில் உட்காரும்போது கண் முன்வரிசையைத் தேடுகிறது. மடியில் கட்டைப்பையை வைத்துக்கொண்டு, குத்துக்குக் குத்து கண்ணை மூடிக்கொள்கிற ஒருத்தி அங்கே இல்லை. எத்தனை பேர் கைதட்டினாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மறுபடி ஒரு சண்டை பேசி முடித்தார்கள். செய்தி எப்படியோ கொள்ளேகாலுக்கு எட்டிவிட்டது. அக்கா போன் செய்தாள். "யாருடி போயிப் பார்த்தது?"

"யாரும் போவலக்கா. ஆளு எப்படின்னே தெரியல. நீ வந்து பார்த்தா தேவல" என்றேன்.

"எந்த ஊரு?"

பொய்யை அதற்குமேல் இழுக்க எனக்கு வரவில்லை. "கோலார்" என்றேன்.

அவளே போய் ஒப்பட்டு வாங்கி வந்த வீடு. என்னைவிட அவளுக்குத்தான் அந்தப் பெண்ணை நன்றாகத் தெரியும். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கோலாரா?" என்றாள் அக்கா. "ஆமா, போயிப் பாக்கத்தான் வேணும். ஞாயித்துக்கெழம வர்றேன். பை இருக்குதில்ல?"

கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இருந்தது. "இருக்குதுக்கா" என்றேன்.