ஜெயராஜ் பார்க்காத கடைசிப் பத்து நிமிடம்

வெள்ளிக்கிழமை வந்த படபடப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. எல்லாம் என் வாயால் வந்தது.

எங்கள் தியேட்டரில் ஜெயராஜுக்கு வாசல் வேலை. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே வெளிக்கதவுகளின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொள்வார். அடுத்த ஆட்டக் கூட்டம் உள்ளே வர வேண்டுமே. இருபத்தாறு வருடத்தில் ஒரு படத்தின் முடிவையும் அவர் பார்த்ததில்லை. கேன்டீனில் பப்ஸ் விற்கிற என்னிடம் வந்துதான் கேட்பார். இடைவேளைக்குப் பிறகு எனக்கு ஏது வியாபாரம், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவேன். அதை மர்பி டவுன் வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் ஐரினுக்குக் கதையாகச் சொல்லிச் சோறு போடுவார்.

ஐரினுக்கு ஒன்பது வயதில் அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பத்தே நாளில் ஜெயராஜ் வேலைக்கு வந்தார். பாழாய்ப்போன அந்த வாரப் படத்திலா கதாநாயகி ஆஸ்பத்திரியில் சாக வேண்டும்?

"கடைசில என்னாச்சுக்கா?" என்று வந்து நிற்கிறார். எப்படிச் சொல்வேன்?

"பொழச்சுட்டாய்யா. புருஷன் பிளாஸ்க்ல காபி கொண்டாரான். கண்ணத் தொறந்து, சக்கரை போட்டியான்னு கேக்குறா" என்று அடித்துவிட்டேன். பத்து நாளில் முதல்முறையாக அந்த மனிதர் சிரித்தார்.

மறுநாள் கதவு திறக்க மறந்துபோனார். மேனேஜர் கிருஷ்ணப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். துக்கத்தில் இருக்கிறவர், மறதி வராதா என்று நானும் பரிந்து பேசினேன்.

பதினேழு வருடம் ஓடிவிட்டது. போன வெள்ளிக்கிழமை, ஐரின் எடுத்த முதல் கன்னடப் படம் எங்கள் தியேட்டரிலேயே வந்தது.

"அப்பா, இன்னிக்குக் கதவாண்ட போவாத. கடைசி வரைக்கும் உக்காரு" என்று அவரை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

கடைசிப் பத்து நிமிடம். திரையில் ஆஸ்பத்திரிக் கட்டில். புருஷன் பிளாஸ்க்கோடு வருகிறான். கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறந்து, "சக்கரே ஹாக்கித்யா?" என்றாள். நான் சொன்ன பொய், சர்க்கரை உட்பட அப்படியே கன்னடத்தில் வந்து நிற்கிறது. அரங்கமே அழுதுகொண்டு கை தட்டியது.

விளக்கு எரிந்ததும் ஐரின் மைக்கைப் பிடித்தாள். "இந்த முடிவு ஒரு பழைய படத்துது. எங்கப்பா சொன்னாரு."

போச்சு. யாராவது அந்தப் பழைய படத்தைத் தேடிப் பார்த்தால்? ஐரினின் மானம் என்ன ஆவது? பதினேழு வருடம் என்னை நம்பிய இவர் மனசு என்ன ஆவது? மறைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஜெயராஜு, நான் அன்னிக்குச் சொன்னது பொய்யிய்யா. அந்தப் படத்துல அவ செத்துட்டா."

அவர் திரும்பவில்லை. "தெரியும்க்கா. மறுநாளே கதவத் தொறக்காம உள்ள நின்னு பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன்யா புள்ளகிட்ட இதப் போய்ச் சொன்ன?"

"மொத நாள் ராத்திரி சொல்லலக்கா, மறுநாள் பாத்துட்டுப் போய்த்தான் சொன்னேன். அவகிட்ட என்னால வேற எதுவும் சொல்ல முடியல."

கதவு திறக்காமல் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கப் போனார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.