ஆட்டப் பலகைக்கு அடியில் போட்ட பெல்ட்

கேம் மெஷின் சர்வீஸுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் என் சாமர்த்தியத்தைப் பற்றி நான் பேசுவதில்லை. நான் செய்த ஒரு மடத்தனத்தைத்தான் முதலில் சொல்வேன்.

சாத்தான்குளத்தில் இருபது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவள் நான். எல்லோர் வீட்டிலும் பிளாட் டிவி வந்ததும் கடையில் ஈ ஓட்டினேன். பிறகு தூத்துக்குடியில் ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில் இருந்த கேம் சோனில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன்.

அங்கே எனக்குச் செல்லம் டான்ஸ் மெஷின். பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்க்கிற கார்ட்டூன் பொம்மைகள் திரையில் ஆடும். தொப்பி வைத்த வாத்து, கண்ணாடி போட்ட கரடி, ஒரு குண்டு முயல். பாட்டின் தாளத்துக்கு அம்புக்குறிகள் கீழிருந்து ஏறி வரும். அம்பு மேலே போய்த் தொடும் அதே நொடியில், காலடியில் இருக்கும் பேடில் அதே அம்பை மிதிக்க வேண்டும். நாலு தடவை தப்பினால் வாத்து மயங்கி விழும். ஆட்டம் முடிந்தது. கடைசி லெவல் இருக்கிறதே, அதில் அம்பு பாதி வழியில் மறைந்துவிடும். அப்புறம் தாளத்தை நம்பித்தான் மிதிக்கணும். திறந்து பார்த்தால் நாலு சென்சார், ஒரு போர்டு, பேடின் அடியில் போல்ட் போட்டு இறுக்கிய, தாளத்தைத் திம் திம்மென்று அதிரவைக்கிற ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர், அவ்வளவுதான். இதை வைத்து இவ்வளவு பெரிய சந்தோஷத்தை எப்படிச் செய்தார்களோ!

எங்கள் கேம் சோனில் அந்தக் கடைசி லெவலை முடித்தவர் ஒரே ஆள். பெயர் சூசை. சங்கு குளிக்கப் போனவர். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் இடது காது அடியோடு போய்விட்டது, வலதில் பாதிதான் பாக்கி. அதற்குப் பிறகு கடலில் இறங்குவதில்லை. வள்ளத்தில் நின்று, காற்று அனுப்புகிற மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கீழே இருப்பவர்களைக் கவனித்துக்கொள்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை என்பதால், பூசை முடிந்ததும் மனைவி ரோசாலியோடு வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பேடில் ஏறினாரென்றால் கல்லூரிப் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். குண்டு முயலுக்கே அவரைப் பார்த்து ஆட்டம் மறந்துவிடும். அப்படி ஒரு கால் நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அக்கா, கீழ மூக்குக்கண்ணாடிக் கடை அண்ணாச்சி சத்தம் போடுதாரு. நம்ம டான்ஸ் மெஷின் அதிர்வுல அவரு ஷெல்ஃபெல்லாம் கடகடங்குதாம். சரி பண்ணலன்னா மெஷினையே தூக்கிருவோம்னு ஓனர் சொல்லுதாரு."

என் செல்லத்தைத் தூக்குவதா? அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போனேன். துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக் கழித்த கன்வேயர் பெல்ட் அங்கே துண்டு துண்டாகக் கிடைக்கும். தடித்த ரப்பர். நாலு துண்டு வாங்கி வந்து மெஷின் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சப்வூஃபரையும் பேடிலிருந்து கழற்றிச் சுவரில் மாட்டினேன். சத்தம் ஒரு இம்மி குறையவில்லை, கீழே ஷெல்ஃப் அசையவில்லை. ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சூசை வந்தார். கடைசி லெவல். அம்புகள் மறைந்தன. ஒன்று தப்பியது, இரண்டு தப்பியது, மூன்று, நாலு, வாத்து மயங்கி விழுந்தது. கூட்டம் சிரித்தது. திரும்பவும் ஆடினார். திரும்பவும் வாத்து விழுந்தது. அவர் இறங்கி, ரோசாலியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனார். ரோசாலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அவியளுக்கு வலது காதும் போயிட்டு போலிருக்கு. பாட்டே கேக்கலங்காவ. மேல நிக்கவனுக்குக் காது கேக்கலன்னா கீழ கெடக்கவன் உயிருக்கு யாரு பொறுப்பு? நாளைக்கே வள்ளத்துல சொல்லிட்டு நின்னுருதேங்காவ."

நான் அவர் பின்னாலேயே போனேன். படிக்கட்டில், சந்தடி இல்லாத இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் போய் நின்று சாதாரணக் குரலில், "சூசை தம்பி" என்றேன்.

சட்டென்று திரும்பினார். "என்னக்கா?"

காது போன வாரம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. அப்படியென்றால் இந்த ஒரு வாரத்தில் மாறியது என்ன? நான் செய்த வேலை மட்டும்தான். அத்தனை மெஷின் போடுகிற இரைச்சலில் பாதிக் காதை வைத்துக்கொண்டு யாராலும் தாளத்தைப் பிடிக்க முடியாது. இவர் பிடித்தது காலால். பேட் அதிர்ந்ததை உள்ளங்கால் வாங்கியிருக்கிறது. அது அவருக்கே தெரியாது. அதைத்தான் நான் கழற்றிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது எனக்கு.

"பத்து நிமிஷம் இரு தம்பி, போயிராதே" என்று ஓடினேன். சப்வூஃபரைப் பேடின் அடியிலேயே பழையபடி இறுக்கினேன். கால்களுக்குக் கொடுத்த பெல்ட்டை அப்படியே விட்டேன். இனி அதிர்வு பேடோடு நிற்கும், தரைக்கு இறங்காது. மேனேஜரைக் கீழே அனுப்பி ஷெல்ஃபையும் பார்க்கச் சொன்னேன். அசைவில்லை.

சூசை அரைமனதாக ஏறினார். தாளத்தின் முதல் அடி விழுந்ததும் குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்புறம் நிமிரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட். கடைசி அம்பு வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை. சிரித்த கூட்டம் விசில் அடித்தது. நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன்.

இறங்கி வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இத்தன நாளும் பாட்டக் காதாலதான் கேக்கேன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்க்கா" என்றார்.

"அப்ப நான் பேசுறதும் இனிமே காலுலதான் விழும்போல. நல்லதாப் போச்சு, காத மூடிக்கிட்டுத் தப்பிக்க முடியாது" என்றாள் ரோசாலி. அவர் சிரித்த சிரிப்பில் அந்த வாத்தே எழுந்துவிட்டிருக்கும். மறுநாள் வழக்கம்போல வள்ளத்துக்குப் போனார்.

அன்றிலிருந்து டான்ஸ் மெஷினில் எந்த கம்ப்ளைண்ட் வந்தாலும் நான் உடனே டூல் பாக்ஸைத் திறப்பதில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெஷின் மேல் ஏறி ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடி நிற்கிறேன்.