ஆளை இழுத்துவிட்டு ஓடிய பஞ்சவர்ணம்

நாற்பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு, "எட்டு நிமிடத்துக்குள் இதை முடிக்காவிட்டால் குழுவிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுவோம்" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? பஞ்சவர்ணம் சிரித்தாள். பிறகு என்னென்ன முடிக்க வேண்டும் என்ற தாளை வாங்கிப் படித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

தீயணைக்கும் உருளை இரண்டைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிவரை ஏறி இறங்க வேண்டும். இறங்கியதும், மயங்கிக் கிடக்கும் ஆளுக்குப் பதிலாக வைத்திருக்கும் எழுபது கிலோ பொம்மையைத் தரையோடு முப்பது மீட்டர் இழுத்து வர வேண்டும். அது முடிந்த கையோடு தொழிற்சாலையை இரண்டு சுற்று, எண்ணூறு மீட்டர், ஓடி வந்து வாசலில் நிற்க வேண்டும். தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது.

தொழிற்சாலை உட்லண்ட்ஸ் பக்கம். மரவள்ளிச் சிப்ஸும் கெரோப்போக் என்கிற இறால் அப்பளமும் பொரித்துப் பாக்கெட் போடுகிற இடம். வீடு இருக்கிற ஈசூனிலிருந்து காலை ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் ஏறி, பதினேழு வருடமாக அங்கேதான் பஞ்சவர்ணத்துக்கு வேலை. மூன்றாம் லைனில் நின்று மாவு மூட்டையையும் தட்டுகளையும் தூக்கித் தூக்கி அவள் கையும் தோளும் உரமேறிப் போயிருந்தன. ஆனால் ஓட்டமா? பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாள். "அடுத்தது வரும்" என்று நின்றுவிடுவாள்.

தீ, விபத்து என்றால் உள்ளே போகிற அவசரக் குழுவில் அவள் சேர்ந்தது தனிக் கதை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் பொரிக்கிற எண்ணெய் பற்றிக்கொண்டது. தீ பெரிதில்லை, புகைதான் கண்ணை மறைத்தது. எல்லாரும் வெளியே வந்து தலையை எண்ணிப் பார்த்தால் சுசீலாவைக் காணோம். பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் நின்று பாக்கெட் ஒட்டுகிறவள். குழுவில் இருந்த இரண்டு ஆண்கள் உள்ளே போனார்கள். துவண்டு கிடந்த உடம்பைத் தூக்க வாகில்லாமல், மூச்சு முட்டித் திரும்பி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பஞ்சவர்ணம் யாரையும் கேட்கவில்லை. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள், சுசீலாவின் சட்டைக் காலரைப் பிடித்தாள், தரதரவென்று வாசல்வரை இழுத்து வந்து போட்டாள். சுசீலா இன்றைக்கும் மூன்றாம் லைனில் நின்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து குழுவில் ஒரே பெண் பஞ்சவர்ணம்தான். பெயரை எடுத்துவிடுவார்கள் என்றதும் அவளுக்கு வந்தது கோபமில்லை, பயம். அடுத்த முறை புகை கிளம்பினால், பழையபடி வெளியே நின்று வேடிக்கை பார்க்கச் சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

இந்தத் தேர்வு விதியைப் புதிதாகக் கொண்டுவந்தவள் நிவேதிதா, பாதுகாப்பு அதிகாரி. கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கெட்டவளும் இல்லை.

"அக்கா, உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? உள்ள போன இடத்துல நீங்களே விழுந்துட்டா, உங்களைத் தூக்க ரெண்டு பேர் வேணும்."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் பஞ்சவர்ணத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

யோசனை சொல்ல ஆள் இல்லாத ஊரா இது? இயந்திரம் பழுது பார்க்கிற ரித்திக் ஓடோடி வந்தான். இருபத்துநான்கு வயது. அவனும் குழுவில் இருக்கிறான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பதே புஜத்தைக் காட்டத்தான்.

"ஆன்ட்டி, சிம்பிள் லா. ஜிம் போங்க. ஃபர்ஸ்ட் கார்டியோ, லாஸ்ட்ல வெயிட்ஸ். ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே ஓடிடணும். உங்களுக்கு ஸ்ட்ரெங்த் ஆல்ரெடி இருக்கு, ஸ்டாமினாதான் ஸீரோ."

"ஸீரோவா? வாய்க்கு வந்தத சொல்லாதடா."

"ஓகே லா, பாயின்ட் ஃபைவ்."

சொன்னபடியே செய்தாள், பாவம். முஸ்தபா கடையில் புதுக் காலணி வாங்கினாள். வேலை முடிந்து வந்ததும் ஈசூன் பொது உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போய், நேராக டிரெட்மில்லில் ஏறுவாள். முதலில் ஓட்டம், மூச்சு வாங்கி, முகம் சிவந்து, ஓய்ந்த பிறகு எடை. முதல் வாரம் நாக்குத் தள்ளியது. நான்காவது வாரம் எண்ணூறு மீட்டரை நாலரை நிமிடத்தில் முடித்துவிட்டு, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சீனப் பெரியவரிடம் திரையில் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள். அவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இனி யாரும் அசைக்க முடியாது என்றுதான் நினைத்தாள்.

அந்த வாரமே நிவேதிதா ஒத்திகை வைத்தாள். மாடி ஏறி இறங்கியது சரியாகத்தான் போனது. பொம்மையையும் முக்கி முனகி இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் வந்தது வினை. ஓடலாம் என்று காலை எடுத்தால் கால் வரவில்லை! தொடை இரண்டும் வெந்த மீ நூடுல்ஸாகக் குழைந்துவிட்டன. ஓடினாள், நடந்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மறுபடியும் நடந்தாள். வாசலுக்கு வந்தபோது ஒன்பது நிமிடம் இருபது விநாடி. பார்த்துக்கொண்டிருந்த சுசீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பஞ்சவர்ணம் அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அழுது முடித்தபோது பஸ் செம்பவாங்கைத் தாண்டியிருந்தது, புத்தியும் தெளிந்திருந்தது. ஜிம்மில் நாலரை நிமிடத்தில் ஓடியது எந்தக் கால்? அதுவரை ஒரு வேலையும் செய்யாத கால். இங்கே ஓட வேண்டியது எந்தக் கால்? மூன்று மாடி ஏறி, ஆளை இழுத்துப் போட்டு, அலுத்துப் போன கால். அந்தக் காலுக்கு நான் ஒரு நாளாவது ஓடக் கற்றுக்கொடுத்தேனா?

மறுநாள் காலை நேராக ரித்திக்கிடம் போனாள்.

"இனிமே நான் மொதல்ல தூக்கப் போறேன். அப்புறம்தான் ஓட்டம்."

"நோ லா ஆன்ட்டி! டயர்டா ஓடினா டைமிங் போயிடும். எத்தனை வீடியோ வேணும், நான் அனுப்பறேன்."

"ஓட்டப் பந்தயத்துக்குப் போறவன் மொதல்ல ஓடட்டும்டா, யாரு வேணாம்னா? எனக்கு ஆள வெளிய போட்டதுக்கு அப்புறம்தானே ஓட்டம்? எது எப்படி வருமோ அப்படித்தானே பழகணும்?"

ரித்திக் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான். சொன்னால் கேட்கிற பிறவியா இது என்று அவனுக்குள் நினைப்பு.

வரிசையை மாற்றிய முதல் நாள் எல்லாம் தலைகீழ். எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்துவிட்டு டிரெட்மில்லில் ஏறினால், முந்நூறு மீட்டரில் நிறுத்தும் பொத்தானைத் தேட வேண்டியதாயிற்று. சீனப் பெரியவர் கட்டைவிரலைத் தூக்கவில்லை, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். மறுநாள் முந்நூற்றைம்பது. அந்த வாரக் கடைசியில் ஐந்நூறு. பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

ஆனால் ஜிம்மில் இரும்பு இருக்கிறது, ஆள் இல்லையே? இழுத்துப் பழக ஆளுக்கு எங்கே போவது? வீட்டுக்காரர் கோவிந்தராசுவை மேலும் கீழும் பார்த்தாள். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடையில் வேலை செய்கிறவர். திங்கட்கிழமை கடை விடுமுறை.

"என்னங்க, உங்க எடை என்ன?"

"எலும்போடயா, எலும்பு இல்லாமயா?"

"வெளையாடாதீங்க."

"எம்பத்திரண்டு. எதுக்குக் கேக்கற?"

எதற்கென்று திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தெரிந்தது. அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பழைய போர்வையை விரித்து, மனிதரை மல்லாக்கப் படுக்க வைத்தாள். கையைக் காலை அசைக்கக் கூடாது, பேசக் கூடாது என்று கட்டளை. அக்குளில் கைகொடுத்து, போர்வையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, அஞ்சல் பெட்டிகளைத் தாண்டி, சதுரங்க மேசைகளைத் தாண்டி, முப்பது மீட்டர். போட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஓட்டம். திரும்பி வந்து மறுபடியும் இழுப்பு. கோவிந்தராசு மூன்றாவது முறையிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். விடுமுறை நாளில் அவருக்கு அதுவும் வேண்டியதாக இருந்தது.

இரண்டாவது திங்கட்கிழமை, நாலாம் மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெண் அசையாத ஆண் ஒருவரை இழுத்துப் போகிறாள், போட்டுவிட்டு ஓடுகிறாள். அப்புறம் என்ன? குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போயாயிற்று, போலீசுக்கும் போன் போயாயிற்று. கால் மணி நேரத்தில் இரண்டு இளம் போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் நம்ம தமிழ்ப் பையன். போர்வைக்குப் பக்கத்தில் குனிந்து, "அங்கிள்! அங்கிள்! ஓகேயா?" என்று பதறினான்.

கோவிந்தராசு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மெதுவா பேசுங்க தம்பி. நான் மயக்கத்துல இருக்கேன். அசைஞ்சா அவ திட்டுவா."

சுற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்த பஞ்சவர்ணத்துக்கு விளக்கம் சொல்ல மூச்சில்லை. அடையாள அட்டையைக் காட்டி, தேர்வுத் தாளைக் காட்டி, எல்லாம் புரிந்த பிறகு அந்தப் பையன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! போகும்போது, "அடுத்த தடவ அங்கிள் மேல ஒரு நோட்டீஸ் ஒட்டிடுங்க லா" என்று சொல்லிவிட்டுப் போனான். பஞ்சவர்ணத்துக்கு மானம் போன மாதிரி இருந்தது. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை விடவில்லை. கீழே கூடிய கூட்டத்தில் நாலைந்து பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

பத்தாவது வாரம், வெள்ளிக்கிழமை, தேர்வு. ஒன்பது பேர். காலையில் மழை பெய்து வெயில் அடித்ததால் தரையெல்லாம் புழுங்கிக்கொண்டிருந்தது. ரித்திக் நான்காவது ஆளாகப் போனான். மாடியில் பறந்தான். பொம்மையைப் பொட்டலம் போல இழுத்தான். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓட ஆரம்பித்து அரைச் சுற்றுப் போனதும் வேகம் இறங்கிவிட்டது. இரண்டாம் சுற்றில் தொடையை இரண்டு கையாலும் குத்திக்கொண்டே வந்தான். ஏழு நிமிடம் ஐம்பத்தொரு விநாடி. தேறிவிட்டான், ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பஞ்சவர்ணம் போய் முதுகைத் தடவிவிட்டாள். அடுத்த பெயர் அவளுடையது.

மாடியில் அவள் பறக்கவில்லை. ஒவ்வொரு படியாகப் போனாள், வந்தாள். பொம்மையின் பிடியைப் பற்றி இழுத்தவள் பின்பக்கமாக விழப் பார்த்தாள். அவ்வளவு லேசாக வந்தது! வீட்டுக்காரரைவிடப் பன்னிரண்டு கிலோ குறைவல்லவா? முப்பது மீட்டரும் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. கோட்டைத் தாண்டிப் பிடியை விட்டாள், திரும்பினாள், ஓடினாள்.

தொடை எரிந்தது. எரியட்டும். ஆறு வாரமாக அன்றாடம் பார்த்துப் பழகிய எரிச்சல்தான், பயப்பட என்ன இருக்கிறது? முதல் சுற்று முடிந்தபோது யாரும் நேரத்தைச் சொல்லவில்லை. இரண்டாம் சுற்றில் சரக்கு ஏற்றும் வாசலில் மூன்றாம் லைன் பெண்கள் அத்தனை பேரும் வந்து நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு மொழியில் கத்தினார்கள். "ஓடுடீ பஞ்சு! நிக்காத! என்னை இழுத்துட்டு வந்தவ இல்ல நீ, ஓடு!" என்று சுசீலாவின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. பஞ்சவர்ணத்துக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வேகம். கடைசி நூறு மீட்டரைப் பின்னால் தீ துரத்துகிற மாதிரி ஓடி வந்து வாசலில் நின்றாள்.

நிவேதிதா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா, எவ்வளவு?"

"ஏழு இருபத்தாறு."

"என்ன?"

"ஏழு நிமிஷம் இருபத்தாறு செகண்ட், அக்கா. ஒன்பது பேர்ல நீங்கதான் ரெண்டாவது!"

பஞ்சவர்ணம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்திய சத்தத்தில் பக்கத்துத் தொழிற்சாலைக் காவலாளி வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சுசீலா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமாக ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார்கள், அழுதார்கள், எது எப்போது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை குழுவின் பயிற்சி. இனி பயிற்சியைப் பஞ்சவர்ணம்தான் நடத்துவாள் என்று நிவேதிதா அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தாள். எட்டு ஆண்களும் வந்து, வழக்கப்படி முற்றத்தைச் சுற்றி ஓடக் கிளம்பினார்கள். முன்னால் ரித்திக்.

"எல்லாரும் எங்க ஓடறீங்க?" என்று பஞ்சவர்ணம் நடுவில் வந்து நின்றாள். "இங்க வாங்க. மொதல்ல உருளையத் தூக்குங்க. அப்புறம் பொம்மைய இழுங்க. ஓட்டம் கடைசியில. உள்ள ஒருத்தர் கெடக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டுச் செய்யுங்க."

ரித்திக் ஓட்டத்தை நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். குனிந்து இரண்டு உருளைகளையும் தூக்கிக்கொண்டு படியேறினான். மற்ற ஏழு பேரும் அவன் பின்னால் ஏறினார்கள்.