தண்ணீர் மேல் நடந்த உறுமல்

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ மண்டபத்தின் பின்பக்கம் போனபோது ஒன்றைக் கவனித்தேன். மேடை அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் இருந்தது. ஆனால் உள்ளே பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் அங்கே கேட்கவில்லை. கீபோர்டு கேட்கவில்லை. பேஸ் கிட்டார் மட்டும் சுவரைத் தாண்டி வந்து, வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை லேசாக நடுங்க வைத்துக்கொண்டிருந்தது. குழாயை மூட மறந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெரியவரே, தண்ணி வீணாப் போகுதுல்லா" என்றார் பின்னால் நின்றவர்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சூலக்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அதெல்லாம் பகலில். மாலையானால் லைட் மியூசிக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். தடித்த கம்பிகள் நான்கு கொண்ட கிட்டார் அது. பாட்டின் அடியில் கிடக்கும் ஒலி அதனுடையது. கோயில் கொடையில் என் சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நீ எப்பலே வாசிப்ப?" என்று கேட்டார். பேஸ் வாசிக்கிற எல்லாருக்கும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார்.

வரவேற்பு முடிந்ததும் மேடைப் பக்கம் போய் அந்த பேஸ்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். காதில் ஒயர் செருகியிருந்தார்.

"ஆம்ப் எங்க தம்பி?"

"இதான் சார்." டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியைக் காட்டினார். "நேரா மிக்ஸருக்குப் போயிரும். முதுகுவலி மிச்சம்."

கையில் வாங்கிப் பார்த்தேன். கனமே இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன். வாசனையும் இல்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் எங்கள் காலத்து ஆம்ப் பெட்டிக்கு வாசனை உண்டு. சூடேறிய தூசி, ரெக்ஸின், அதன் மேல் யாரோ கொட்டிய டீ எல்லாம் கலந்த வாசனை. பஸ் மேல் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். மற்றவன் டிரம்ஸ் வாசிக்கிற பாபு. பாபு பகலில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வெட்டுகிறவன். எங்கள் குழுவை நடத்தியவர் தனுஷ்கோடி அண்ணன். கீபோர்டு அவர்தான். பஸ் காசு கொடுப்பதும், டீ வாங்கித் தருவதும், திட்டுவதும் அவர்தான். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எங்களுக்குக் கச்சேரியே கிடையாது. ஊரே பட்டாசு சீசனில் ஓவர்டைம் பார்க்கும்போது பாட்டு கேட்க யார் இருப்பார்கள்? தை பிறந்தால்தான் எங்கள் பெட்டிக்குத் தூசி தட்டுவோம்.

நீங்கள் பேஸ் வாசிப்பவராக இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காரியத்தில் இறங்கியிருந்தால், நான் கற்றதில் சிலதைச் சொல்கிறேன். பெட்டியை மண்தரையில் வைக்காதீர்கள், சத்தத்தை மண் குடித்துவிடும். ஒரு பெஞ்சு கேட்டு வாங்குங்கள். ஒயரைத் தோள்வாரில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். பாடகர்கள் பாடும்போது கீழே பார்த்து நடப்பதில்லை. டிரம்ஸ்காரனின் வலது கால் பக்கமாக நில்லுங்கள், அவன் மிதிப்பதும் நீங்கள் தட்டுவதும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். கம்பி மழுங்கிவிட்டால் உடனே புதிது வாங்க வேண்டாம். கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுத்துத் துடைத்தால் இன்னும் சில கச்சேரிக்கு வரும். ஆனால் பாத்திரத்தை வீட்டில் கேட்டு எடுங்கள். நான் கேட்காமல் எடுத்தேன். என் மனைவி அடுப்பைப் பார்த்துவிட்டு, "சோறு வடிக்கிற பானைல கம்பியவா அவிக்கீக? இனி இதுல ஒல வச்சா பாட்டுல்லா பொங்கும்" என்றாள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மாற்று ஃபியூஸ். இதை நான் கற்ற கதையைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாசித் திருவிழாவுக்கு வருடந்தோறும் எங்கள் கச்சேரி. மேடைக்குப் பின்னால் கண்மாய், கண்மாய்க்கு அந்தப் பக்கம் பொட்டல். அங்கேதான் வாணவேடிக்கை. கடைசிப் பாட்டு முடிகிற நேரத்தில் பெரிய வாணங்கள் மேலே போக வேண்டும் என்பது விழாக் கமிட்டியின் ஆசை. முதல் வருடம் டார்ச் காட்ட ஒருவரை நிறுத்தினார்கள். அவர் பாட்டில் லயித்து டார்ச்சை மறந்துவிட்டார். எல்லாம் முடிந்து தலைவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது வானம் வெடித்தது. தலைவர் குனிந்துவிட்டார்.

மறுவருடம் மத்தியானம் நாங்கள் கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாணம் விடுகிறவரே கண்மாயைச் சுற்றிக்கொண்டு வந்தார். பெயர் சோலையப்பன், நாரணாபுரத்துக்காரர். பட்டாசு கம்பெனியில் திரி சுற்றுகிற வேலை. திருவிழாக் காலத்தில் மச்சினனைக் கூட்டிக்கொண்டு இப்படி வருவார்.

"இந்த உறுமல் போடுறது யாரு சார்?" என்றார்.

தனுஷ்கோடி அண்ணன் என்னைக் காட்டினார். "இவன்தான். ஏன், நிறுத்தச் சொல்லவா?"

"ஐயையோ, வேண்டாம் சார். அங்கன நின்னா பாட்டு கேக்க மாட்டேங்கு. பாடுறது ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. இவுக உறுமல் மட்டும் தண்ணி மேல நடந்து வருது."

நான் படித்தவன். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒலிபெருக்கிகள் ஊரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மெல்லிய சத்தம் முன்பக்கமாகவே போகும். தடித்த சத்தத்துக்கு முன்னும் பின்னும் கிடையாது, எல்லாப் பக்கமும் பரவும். காரணம் தெரிந்தும் என் கை சிலிர்த்தது. அத்தனை வருடத்தில் என்னை மட்டும் கேட்ட ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டானது. சின்னப் பிள்ளைகள் எரிந்து விழும் வாணக்கூடுகளைப் பொறுக்கக் கண்மாய்க்கரை ஏறி ஓடும். நெருப்பின் பக்கத்தில் நிற்கிறவருக்கு இருட்டில் அது தெரியாது. மேடையின் பின்வரிசையில் நிற்கிற எனக்குத் திரும்பினால் கரை முழுவதும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியும்.

"கடைசிப் பாட்டு வந்ததும் ஓங்கி ஒரு உறுமல் போடுங்க. அதுல இருந்து நீங்க வாசிச்சிட்டு இருந்தா நான் கொளுத்துவேன்" என்றார் சோலையப்பன். "ஆளு கீளு கரை ஏறிட்டா வாசிக்கிறத நிறுத்திருங்க. நானும் நிறுத்திருவேன்."

அன்று இரவு கடைசிப் பாட்டில் நான் கீழ்க்கம்பியைத் தட்டினேன். தட்டிய நொடியில் தண்ணீருக்கு அப்பால் ஓர் ஒளி எழுந்து, மேலே போய், விரிந்து, கண்மாய் முழுவதும் சிவப்பாக இறங்கியது. ஊர் அண்ணாந்து பார்த்தது. நான் என் விரலைப் பார்த்தேன். பாபு டிரம்ஸுக்குள்ளிருந்து, "ஏலே, வாசி!" என்று கத்தினான். அதற்குப் பிறகு நான் குறைவாக வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தட்டும் எங்கோ போய்ச் சேர்கிறது என்று தெரிந்தவன் வீணாகத் தட்ட மாட்டான்.

இப்படிச் சில வருடங்கள் போயின. ஒரு மாசி மாதம், திருவிழாவுக்கு முந்தைய கச்சேரியில் என் பெட்டியின் ஃபியூஸ் போயிற்று. கைவசம் வேறு இல்லை. ஒரு ஒயரை உரித்து ஒற்றைக் கம்பியை எடுத்துச் சுற்றிவைத்து ஒப்பேற்றினேன். அது எந்த நேரமும் போகும் என்று எனக்குத் தெரியும். திருவிழாவன்று காலை பஜாருக்குப் போனதே ஃபியூஸ் வாங்கத்தான். கடையில் கிட்டார் மாட்டுகிற ஒரு தோல் வார், பித்தளைக் கொக்கி வைத்தது, தொங்கியது. அதைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். "வேற எதும் வேணுமா அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்டார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே "வேண்டாம்" என்று வாருக்கு மட்டும் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசிப் பாட்டின் நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம். பெட்டி செத்துவிட்டது. தனுஷ்கோடி அண்ணன் இடது கையால் ஏதோ வாசித்துச் சமாளித்தார். கூட்டத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. என்னைத் தேட ஆளில்லையே என்று எனக்கு லேசாக மனத்தாங்கல்கூட வந்தது. அந்த அற்ப நினைப்பும் நினைவில் இருக்கிறது. பாட்டு முடிந்தது. வாணம் எழும்பவில்லை.

ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, கிட்டார் தோளிலேயே தொங்க, நானும் பாபுவும் கரையைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். சோலையப்பன் தண்ணீரோரம் குந்தி, வலது கையை மணிக்கட்டு வரை கண்மாய்க்குள் விட்டிருந்தார். மச்சினன்தான் சொன்னார். ஐந்து பெரிய குழாய்களுக்கும் போகிற தாய்த்திரியை மாமா கொளுத்திவிட்டார். திரி எரிந்துகொண்டு போகிறது. அந்த நேரம் உறுமல் நின்றது. பாய்ந்து போய்த் திரியைப் பிய்த்து, எரிகிற நுனியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

எங்களைப் பார்த்ததும் சோலையப்பன் கேட்ட முதல் கேள்வி இது: "ஆளு ஏறிருச்சா சார்?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஃபியூஸ் என்று சொல்லியிருக்க வேண்டும். என் தோளில் பித்தளைக் கொக்கி மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றேன்.

"யாரு?"

"சின்னப் பிள்ளை. பொம்பளப் பிள்ளை."

"பத்திரமா இருக்கால்லா?"

"இருக்கா. ஓடிட்டா."

வலியில் இறுகியிருந்த அந்த முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அதைப் போல ஒரு முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பாபு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

கமிட்டிக்காரர்கள் கோபமாக வந்தார்கள். பிள்ளை என்றதும் அடங்கிவிட்டார்கள். சோலையப்பனுக்குத் துண்டு போட்டார்கள். அன்று அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அம்மாக்கள் தங்கள் பெண் பிள்ளையைப் பிடித்து, "நீயாடி கரை ஏறுன? உண்மையச் சொல்லு!" என்று முதுகில் வைத்தார்கள். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் அடி வாங்கின.

மறுநாள் பஸ்ஸில் பாபு ஒரு சின்னப் பொட்டலத்தை என் மடியில் போட்டான். ஃபியூஸ்கள். "வச்சுக்கோ" என்றான். அதைப் பற்றி அவன் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

சோலையப்பனின் கை ஆறியது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. திரி சுற்ற விரல்தான் முதல். கம்பெனியில் அவரை வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். திருவிழாவில் மச்சினன் கொளுத்த, அவர் பக்கத்தில் நின்று என் உறுமலைக் கேட்டுக் குரல் கொடுப்பார். வருடந்தோறும் மத்தியானம் கரையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். "சார், அந்தப் பிள்ள எப்படி இருக்கா?" என்று கேட்பார். முதல் வருடம் "நல்லா இருக்கா. யாருன்னு கேக்காதீக, வீட்டுல அடி விழும்" என்றேன். அடுத்த வருடம் "பள்ளிக்கூடம் போறா". பிறகு "எட்டாவது". இல்லாத ஒரு பிள்ளையை நான் வகுப்பு வகுப்பாக ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை மனம் கேட்காமல், உண்மையைச் சொல்லியே தீர்வது என்று நாரணாபுரம் போனேன். டீக்கடையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, சுற்றியிருந்தவர்களிடம், "சொல்லுவேன்ல, உறுமல் வாசிக்கிற சாரு, இவுகதான்" என்றார். "இவுக நிறுத்துன நிறுத்துல ஒரு உசுரு நிக்கு இன்னைக்கு."

"அந்தக் கதைய எம்புட்டு தடவ கேக்குறது மாமா" என்றார் ஒருவர். "அதுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"

"சாரையே கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் டீ கிளாசை இடது கையில் பிடித்திருந்தார். நான் உண்மையைச் சொன்னால் அவருடைய வலது கையில் என்ன மிஞ்சும்? ஏற்கெனவே இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டவன் நான். அந்தப் பிள்ளையையும் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோழைத்தனமா, கருணையா என்று இத்தனை வருடம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. கோழைத்தனம்தான் முதலில் வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

"மாப்பிள்ளை பாக்குறாக" என்றேன்.

"கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கணும்" என்றார் சோலையப்பன்.

அந்தக் கல்யாணம் நடப்பதற்குள் அவர் போய்விட்டார். எனக்குச் செய்தி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. தனுஷ்கோடி அண்ணன் குழுவைக் கலைத்துவிட்டு வெளியூரில் பிள்ளைகளோடு இருக்கப் போய்விட்டார். பாபுவும் இல்லை. அந்த ஊரில் இப்போது கச்சேரிக்குப் பதில் பென் டிரைவில் பாட்டு ஓடுகிறதாம். வாணத்தை எங்கோ உட்கார்ந்து பொத்தானை அமுக்கி விடுகிறார்கள். யார் கையும் நெருப்புப் பக்கம் போக வேண்டியதில்லை. அது நல்லதுதான், மனதாரச் சொல்கிறேன். கண்மாயில் தண்ணீர் நிற்கிற வருடங்கள் குறைந்துவிட்டன. சோலையப்பனும் போனபின், அந்தப் பிள்ளையை விசாரிக்க ஆளில்லாமல் போயிற்று. அவளுக்கு அதற்குமேல் வயதும் ஏறவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. நான் சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அன்று மண்டபத்தில் கை கழுவிக்கொண்டிருந்தபோது நடந்த இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். பாட்டின் நடுவில் பேஸ் சட்டென்று நின்றது. ஒயர் கழன்றிருக்கலாம். அந்த டிபன் பாக்ஸுக்குள் என்ன ஆனதோ தெரியாது. வாளித் தண்ணீர் அசையாமல் நின்றது. என் ஈரக்கை சட்டைப்பைக்குப் போயிற்று. பாபு கொடுத்ததில் கடைசி ஃபியூஸ் இன்னும் அதில்தான் கிடக்கிறது. பிறகு என்னை அறியாமல் திரும்பி, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தேன். இரண்டு வேன்கள் நின்றன. பாத்திரம் விளக்குகிற சத்தம் வந்தது. பிள்ளை யாரும் இல்லை.