தோற்றவள் முதலில் உட்கார வேண்டும்

போன சனிக்கிழமை காலையில் என் மகள் பிரெட்டில் ஜாம் தடவி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரியில் ஃபுட்பால் மேட்ச். இவள் ஆடவில்லை, கத்தப் போகிறாள். ஆடத் தெரியாது, கத்தத் தெரியும். அந்த வகையில் என் பெண்தான், சந்தேகமே இல்லை. "எதிர் டீம் பொண்ணுங்கல்லாம் எங்க சாப்பிடுவாங்க?" என்று கேட்டேன். "அவங்க டப்பா அவங்க எடுத்துட்டு வருவாங்க. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு மூடியை அழுத்தி மூடினாள். யாரென்றே தெரியாதாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றில் பழைய எரிச்சல் ஒன்றும் வந்தது. எதிர் டீம் பெண் ஒருத்தியைத் தேவைக்கு மேல் தெரிந்துவைத்திருந்தவள் நான்.

எங்கள் கல்லூரி திருவொற்றியூர்ப் பக்கம், அவர்களுடையது ராயபுரம். இரண்டும் பெண்கள் கல்லூரி. இரண்டிலும் ஃபுட்பால் டீம் இருந்தது என்று சொன்னால் என் அலுவலகத்து அடையாறுக்காரிகள் புருவத்தைத் தூக்குகிறார்கள். ஏன், எங்கள் ஏரியாப் பெண்களுக்குக் கால் இல்லையா? வியாசர்பாடிப் பெண்கள் வெறுங்காலில் உதைக்கிற பந்தை இவர்கள் பார்த்ததில்லை. அந்த வியாசர்பாடிப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் ராயபுரத்துக்காரிகள் டீமில் சேர்ந்ததுதான் எங்கள் தலையெழுத்து. நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். அவர்கள் எங்களை 'நமுத்த தீப்பெட்டி' என்று கூப்பிடுவார்கள். விம்கோ நகரில் தீப்பெட்டி ஆலை இருந்ததால் தீப்பெட்டி. நமுத்த என்பதை நாங்களே உழைத்துச் சம்பாதித்தோம். நாங்கள் அவர்களை 'ஐஸ் பொட்டி' என்போம், காசிமேட்டு மீன் வாடையோடு வருகிறவர்கள் என்று அர்த்தம். பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுக் கத்துவோம். தொண்டை கட்டிப்போகும்.

இப்படிக் கத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவோம். அதுதான் வழக்கம். வருஷத்துக்கு இரண்டு மேட்ச், ஒன்று அவர்கள் இடத்தில், இன்னொன்று எங்கள் இடத்தில். எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடிந்துவிடும். சனிக்கிழமை என்பதால் கல்லூரி கேன்டீன் பூட்டியிருக்கும். வெயிலில் கத்திய பிள்ளைகளைப் பட்டினியாக பஸ் ஏற்ற மனசு வராமல் எந்தக் காலத்திலோ யாரோ ஒருத்தி எதிராளியை வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. முதல் வருஷம் சீட்டு குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள். நமக்கு விழுந்த ராயபுரத்துக்காரிதான் மூன்று வருஷத்துக்கும் நம் 'சோத்து ஜோடி'. ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் வீடாக இருந்தாலும் சரி, தோற்றவள் முதலில் உட்கார வேண்டும், ஜெயித்தவள்தான் பரிமாற வேண்டும்.

எனக்கு விழுந்த சீட்டு ஜெபா. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ராயபுரத்தில் வத்தல், புளி, மல்லி மொத்த வியாபாரம். கடைக்கு மேலேயே வீடு. அம்மா அவள் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். கடையாட்களுக்கும் சேர்த்து ஒரு சமையல்காரம்மா பெரிய அண்டாவில் பொங்கிப்போடுவார். முதல் மேட்ச் அங்கேதான். மூன்றுக்குப் பூஜ்யம் தோற்றுவிட்டு அவள் வீட்டு மாடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கீழேயிருந்து வத்தல் நெடி ஏறி வந்தது. நான் தும்முகிறேன், அவள் கோழி வைக்கிறாள், நான் தும்முகிறேன், அவள் ரசம் ஊற்றுகிறாள். அவள் அப்பா தராசை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்து, "நல்லா சாப்பிடும்மா, வெக்கப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் மொத்தமே இரண்டு அறை, ஒரு ஃபேன். அவள் வீட்டில் மாடிப்படி வளைவில்கூட ஒரு ஃபேன் ஓடியது. அன்றைக்கு நான் பொறாமைப்பட்டது அந்த ஃபேனைப் பார்த்துத்தான். அதோடு நின்றிருந்தால் தேவலை.

இரண்டாவது மேட்ச் எங்கள் இடத்தில். அதிலும் தோல்வி. ஜெபா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் தோழிகள் எல்லோரும் அம்மாவை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, "அத்தை, எந்தக் கரண்டியில போடட்டும்?" என்று நேராக அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நெட்டுக்குப்பத்துக் கருவாடும் மொச்சையும் போட்டு அம்மா வைக்கிற குழம்பைக் கிளறி, முகர்ந்து, "அத்தை, இதுல என்ன போட்டீங்க?" என்று ஆரம்பித்துக் கேள்வியாகக் கேட்டாள். என் வீட்டில், என் அம்மாவின் பானையிலிருந்து, எனக்கு அவள் பரிமாறினாள். நான் விருந்தாளி மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். தட்டில் விழுந்த கத்திரிக்காயை நான் ஓரமாக ஒதுக்கியதைப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட எனக்குக் கத்திரிக்காய் வைத்ததில்லை. பெற்றவள் பதினெட்டு வருஷம் என் தட்டில் கத்திரிக்காயைக் கொட்டிக்கொண்டுதான் இருந்தாள். இதற்கு நான் ஜெபாவுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது.

அவள் போனதும் அம்மா சொன்னாள்: "இன்னா பொண்ணுடி அது! பணக்கார வூட்டுப் புள்ள, கொஞ்சமாச்சும் பந்தா கீதா பாரு. நீயும்தான் கீறியே, துண்ண தட்ட கழுவ மாட்டேன்ற." அன்றைக்கு ஆரம்பித்தது.

இரண்டாம் வருஷம் ஜெபா மேட்ச் இல்லாத நாளிலும் வர ஆரம்பித்தாள். புளி கொண்டுவருவாள், அம்மாவிடம் கருவாடு வாங்கிப்போவாள். நான் உள்ளே படித்துக்கொண்டிருப்பேன் (படித்தேனா, புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேனா என்பது வேறு விஷயம்). வெளியே இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மாவுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. என்னோடு பேசும்போது அம்மாவுக்கு வந்ததெல்லாம் "எழுந்திரு", "பெருக்கு", "எங்க போன?" மட்டும்தான். ஒருநாள் உள்ளேயிருந்து கேட்டேன், ஜெபா 'அத்தை' என்று சொல்லவில்லை, 'அம்மா' என்று கூப்பிட்டாள். எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. அம்மாவும் சாதாரணமாக "இன்னா கண்ணு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் எங்கள் கிரவுண்டில் நடந்த மேட்சுக்கு அம்மாவே வந்துவிட்டாள். அதுவரை நான் எந்தக் கட்சி, என்ன கலர் என்றுகூடக் கேட்காதவள். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கிரவுண்டைச் சுற்றிப் பார்த்தாள். நான் கை ஆட்டினேன். "ஜெபா எங்க குந்திகினு கீது?" என்று என்னையே கேட்டுவிட்டு, நேராக ராயபுரத்துக்காரிகள் பக்கம் போய், அவள் குடைக்குள் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் கோல் போட்டபோது கையும் தட்டினாள். என் பக்கத்திலிருந்தவள், "இன்னாடி, உங்க அம்மா அந்தப் பக்கம் கீறாங்க?" என்றாள். "வெயில்டி, குடை அங்கதான் கீது" என்று சமாளித்தேன். அன்றைக்கு என் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அதற்குப் பிறகு நான் ஃபுட்பால் பார்த்ததே வேறு காரணத்துக்காக. ஒரே ஒரு தடவை நாங்கள் ஜெயிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை ஜெபா என் வீட்டுச் சுவரோரம் உட்கார வேண்டும், நான் கரண்டியைப் பிடிக்க வேண்டும், அம்மா என் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். "போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று நான் கேட்கிற தொனியைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கோப்பை, மெடல் எல்லாம் யாருக்கு வேண்டும்?

மூன்றாம் வருஷத்துக் கடைசி மேட்ச், எங்கள் கிரவுண்டில், ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். அவர்கள் பெண் ஒருத்தி பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் தள்ளிவிட்டாள், கீப்பர் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தியும் தொடாத பந்து. இருந்தாலென்ன, ஒன்றுக்குப் பூஜ்யம். நான் அழுதேன். ஜெபா வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "ஜெயிச்சிட்டியேட்டி, நமுத்த தீப்பெட்டி!" என்று முதுகில் ஒரு குத்து விட்டாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அது எனக்குத் தெரிந்தது, தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

ஜோடிக்காரி வராமல்போன ராயபுரத்து ஜூனியர் பெண் ஒருத்தியும் எங்களோடு வந்தாள். வீட்டில் குழம்பு வாசனை தெருவுக்கே வந்தது. ஜெபாவையும் அந்தப் பெண்ணையும் சுவரோரம் உட்காரவைத்துத் தட்டு வைத்தேன். கை கழுவிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். அம்மா சோற்றுப் பானையைத் திறந்து, கரண்டியை எடுத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, "ஜெபா, இந்தா கண்ணு" என்றாள்.

பழக்கதோஷம். வேறொன்றுமில்லை. நாங்கள் தோற்றுத் தோற்று அம்மாவின் கைக்கு அதுதான் பழகியிருந்தது. இன்றைக்கு எனக்குப் புரிகிறது. ஜெபா எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "அம்மா, இன்னைக்கு அவதான் போடணும். அவகிட்ட குடுங்க" என்றாள்.

அவளே தூக்கிக் கொடுக்கிறாள். என் அம்மாவை, என் அடுப்பங்கரையை, என் ஜெயிப்பை, பெரிய மனசு பண்ணி எனக்கு விட்டுக்கொடுக்கிறாள். எனக்கு அப்படித்தான் கேட்டது. "உனக்கு அம்மா இல்லன்னா எங்க அம்மாவ எடுத்துக்குவியா?" என்று கத்தினேன்.

ஜூனியர் பெண் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அம்மா கரண்டியை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் பரிமாறினேன். ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. ஜெபா தலையைக் குனிந்துகொண்டு, போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அம்மாவின் முன்னால் வந்து நின்று, "வரேன் அத்தை" என்றாள்.

நான்கு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. நான்கு நிமிஷம் வாயை மூடத் தெரியாதவள். ஐந்தாம் நாள் துணி காயப்போடும்போது, "துண்ணும்போது சொல்ற வார்த்தையாடி அது?" என்று மட்டும் கேட்டாள். ஜெபா பிறகு வரவே இல்லை. ராயபுரம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று பஸ் ஏறிப் பாதியில் இறங்கியிருக்கிறேன், இரண்டு தடவை. அம்மா போனாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க பயம்.

அடுத்த வருஷம் மேட்ச் பார்க்கப் பழைய மாணவியாகப் போனேன். ராயபுரத்துக்காரிகள் தங்கள் பஸ்ஸிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். எங்கள் பெண்கள் கூப்பிட்டும் இறங்கவில்லை. ஜெபா சொல்லியிருக்க மாட்டாள், அந்த ஜூனியர் பெண் சொல்லியிருப்பாள். அதற்கடுத்த வருஷம் எங்கள் பெண்கள் கூப்பிடவும் இல்லை. ஆறேழு வருஷம் கழித்துத்தான் கிரவுண்டை வேலி போட்டு அடைத்துக் கன்டெய்னர் அடுக்கினார்கள். இப்போது அந்தப் பக்கம் போனால் டிரெய்லர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கின்றன. கோல் கம்பம் நின்ற இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

போன மாதம் இரண்டு கல்லூரிப் பழைய மாணவிகளும் ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். எல்லோருக்கும் இடுப்பு பெருத்து, முடி நரைத்து, வாய் மட்டும் அப்படியே இருந்தது. பேச்சு சோத்து ஜோடிக்கு வந்தது. "கிரவுண்ட எடுத்துக்கினானுங்க, அதோட எல்லாம் போச்சு" என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். எதிர் வரிசையில் ஜெபா இருந்தாள். இப்போது கடையை அவள்தான் நடத்துகிறாள். என்னை ஒரு முறை பார்த்தாள். "ஆமா, கிரவுண்டு போனதுதான்" என்றாள்.

இருபத்தைந்து வருஷமாக அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். எப்படி இவளுக்கு மட்டும் இப்படி இருக்க வருகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. பாருங்கள், அப்போதும் எரிச்சல்தான் முதலில் வந்தது.

கிளம்பும்போது பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை எப்படி இருக்காங்க? ஒருநாள் வந்து பாக்கலாமாட்டி?"

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணன் வீட்டுல இருக்காங்க, புழல்ல" என்றேன். அம்மா அந்த நேரத்தில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்டாள்: "யார் யாருடி வந்திருந்தாங்க?" ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு பேர் வந்திருந்தார்கள், பதினாறு பெயர் சொன்னேன்.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"அவ்ளோதான்மா" என்றேன்.