கொடிக்கல்லுக்கு ஓடிய பழனியாண்டி

பழனியாண்டியைப் போல மலையில் ஓடியவரை எங்கள் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை. அவரைப் போல அலுத்துக்கொண்டவரையும் பார்த்ததில்லை.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அவர் தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். குட்டையான உடம்பு, இறுகிய கெண்டைக்கால். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு மற்றவர்கள் போர்த்திக்கொண்டு நடுங்கி வரும்போது, இவர் தொழிலாளர் வீடுகள் இருக்கிற மேல் லயத்திலிருந்து குறுக்குப் பாதையில் ஓடிவந்து நிற்பார். "எதுக்குய்யா இந்த ஓட்டம்?" என்று கேட்டால், "நடந்தா குளிருது" என்பார்.

ஐம்பத்து நாலாம் வருசம் தோட்டத்தை நடத்த வந்த புது வெள்ளைக்காரத் துரைக்கு ஓட்டப் பைத்தியம். தைப்பொங்கல் கழிந்து மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஆட்களுக்குப் பந்தயம் வைத்தார். தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் புறப்பட்டு, தேயிலை முடிகிற இடத்தில் காட்டுக்குள் ஏறி, மலை முதுகைப் பிடித்துக் கொடிக்கல் உச்சி வரை ஓட வேண்டும். நில அளவைக்காரர்கள் எப்போதோ உச்சியில் நட்டுவிட்டுப் போன கல்தான் கொடிக்கல். அதற்குப் போகிற முதுகில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு பக்கம் எங்கள் தோட்டம். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் கிடுகிடு பள்ளத்தில் கொத்மலை வயல்கள். பாதி வழியில் ஏணிப்பாறை. அதைக் கையையும் ஊன்றித்தான் ஏற முடியும். காற்றடித்தால் ஆளைத் தள்ளும்.

முதல் வருசம் பழனியாண்டி எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் போனார். ஏணிப்பாறைக்கு மேலே பனி மூடிக்கொண்டது. முதுகு இரண்டாகப் பிரிகிற இடத்தில் தப்பான பக்கம் திரும்பிவிட்டார். மானாப் புல்லுக்குள் இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு சிங்களக் கிராமத்து வயல் வரப்பில் போய் நின்றார். அங்கே மாடு கட்டிக்கொண்டிருந்தவர், "கொஹெத யன்னே?" என்று கேட்டார், எங்கே போகிறாய் என்று. பழனியாண்டி மலை உச்சியைக் கையால் காட்டினார். அந்த மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொடுத்துப் பாதை சொல்லி அனுப்பினார். லயத்துக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. பந்தயத்தில் ஜெயித்தவன் கீழ்ப் பிரிவு வீரய்யா, வயதில் இளையவன்.

"எல்லாரும் ஒரு பக்கம் ஓடுறாங்க, நீங்க மட்டும் எங்க போனீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி நாகலெட்சுமி.

"பனிங்கிறேன்ல!"

"மத்தவங்களுக்கும் அதே பனிதானே?"

ஒரு வருசம் முழுக்க அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. வேலை விட்டதும் மலைக்குப் போனார். எந்தக் கல் ஆடும், எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று பார்த்து வைத்தார். முதுகு பிரிகிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பேன் என்று லயத்தில் சவால் விட்டார்.

அடுத்த வருசம் துரை ஒரு ஏற்பாடு செய்தார். ஓடைப் பள்ளம் வழியாகக் குறுக்காக உச்சிக்கு ஏறிவிட ஒரு திருட்டுப் பாதை இருந்தது. அதில் யாரும் போகாமல் இருக்க, ஏணிப்பாறைக்கு அடியில் இருந்த சவுக்கு மரத்தடியில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு செல்லசாமி ஐயாவை நிறுத்தினார். மரத்தைத் தாண்டுகிறவர்களை அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். துரை உச்சியில் நின்றார்.

பழனியாண்டி முதல் ஆளாக மரத்தடிக்கு வந்தபோது அங்கே கண்டாக்கையாவின் குடை மட்டும் சாத்தியிருந்தது. ஆளைக் காணோம். "ஐயா!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். காற்றுதான் கேட்டது. நின்றுகொண்டிருக்க முடியுமா? ஏணிப்பாறையில் தாவினார். கொடிக்கல்லைத் தொட்டபோது துரை கைகொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து வீரய்யா மூச்சு வாங்க வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

எல்லாரும் வந்த பிறகு கண்டாக்கையா குடையை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார். "மொத ஆளா மரத்தத் தாண்டினது வீரய்யா. பழனியாண்டியை நான் பாக்கல" என்றார்.

துரை திரும்பினார். "நீ ஓடைப் பக்கம் வந்தது?"

"இல்லைங்க தொரை. முதுகு வழியாத்தான் வந்தேன். மரத்தடியில ஐயா இல்லைங்க. குடைதான் இருந்திச்சிங்க."

கண்டாக்கையாவின் முகம் கறுத்தது. "அப்ப நான் பொய் சொல்றேனா?"

துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பரிசாக வைத்திருந்த சீமைக் கம்பளியை எடுத்து வீரய்யாவின் தோளில் போட்டார்.

பழனியாண்டி நகரவில்லை. "தொரை, இன்னொரு தடவ ஓடுறேங்க. எத்தனை பேர வேணும்னாலும் வழியில நிறுத்துங்க."

துரை சிரித்தார். "சரி. வர்ற ஞாயிறு. நான் மேலே நிக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, பருவம் தப்பிய மழை கொட்டியது. நாகலெட்சுமி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "இந்த மழையில தொரை வருவாரா?"

"சொன்னாருல்ல?"

போய்விட்டார். ஏணிப்பாறையில் தண்ணீர் அருவியாக இறங்கியது. இரண்டு தடவை சறுக்கி, முழங்கை தோலுரிந்து, மேலே போய்ச் சேர்ந்தார். உச்சியில் யாரும் இல்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பல் கிட்டிக்கொண்டு வந்ததும் இறங்கினார். நேரே பங்களாவுக்குப் போய் வாசலில் நின்றார். துரை விறாந்தைக்கு வந்து பார்த்தார்.

"ஓடிட்டேங்க தொரை."

"இந்த மழையில உன்னை யார் ஓடச் சொன்னது?" என்று துரை கேட்டார். உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. சூடாகத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பழனியாண்டி அதைக் குடிக்காமலே வந்துவிட்டார்.

மறுநாள் பெரட்டில் அவருக்குக் கவ்வாத்து இல்லை. சேற்றுப் பள்ளத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போகச் சொன்னார் கண்டாக்கையா. பிறகு பல வாரம் அதே வேலைதான்.

ஒரு நாள் சாயங்காலம் வீரய்யா அந்தக் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தான். "அண்ணே, நீங்க முன்னால ஓடினத நான் பாறையில பாத்தேன். இது ஒங்களுக்குத்தான்."

"அப்ப ஏன்டா அன்னிக்கு வாயத் திறக்கல?"

வீரய்யா தலையைக் குனிந்துகொண்டான். "கண்டாக்கையாவுக்கு எதிரா நான் எப்படிண்ணே..."

"கம்பளிக்காடா நான் ஓடினேன்? கொண்டு போ."

அவன் போன பிறகு நாகலெட்சுமி பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். "பிள்ளைங்க படங்குச் சாக்கப் போத்திக்கிட்டு சுருண்டு கெடக்குதுங்க. இவருக்கு ரோசம்!"

மூன்றாவது வருசமும் பந்தயம் வந்தது. இந்தத் தடவை கண்டாக்கையா மரத்தடியில் தவறாமல் நின்றார். முதல் ஆளாக வந்த பழனியாண்டி அவருக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஐயா, யாரு போறான்னு சொல்லுங்க."

"போடா, போ."

"பேரைச் சொல்லுங்கய்யா. சொன்னாத்தான் போவேன்."

"வெளையாடுறியா?"

வீரய்யா வந்துவிட்டான். "அண்ணே, வாங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே பாறையில் ஏறினான். இன்னும் இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். பழனியாண்டி அசையவில்லை. கடைசியில் கண்டாக்கையா பொறுக்க முடியாமல், "பழனியாண்டி! பழனியாண்டி போறான்! போதுமா?" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏணிப்பாறையிலேயே இரண்டு பேரையும் பிடித்துவிட்டார். வீரய்யாவை மட்டும் பிடிக்க முடியவில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இரண்டாவதாக வந்தார்.

"எங்க தாமதிச்சீங்க?" என்று கீழே கேட்டாள் நாகலெட்சுமி. நடந்ததைச் சொன்னார்.

"சத்தமாவா சொன்னாரு?"

"மலைக்கே கேட்டிச்சி."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருசமே துரை அட்டன் பக்கம் மாறிப் போனார். பின்னால் வந்தவருக்கு ஓட்டத்தில் ஆசையில்லை; பந்தயம் நின்றுபோனது. பழனியாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஏறிக்கொண்டிருந்தார். அறுபத்து இரண்டில் ஒரு நாள் கவ்வாத்து மலையில் விழுந்து முழங்கால் முறுக்கிக்கொண்டது. பிறகு ஓட்டம் இல்லை.

ஒரு தடவை அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது கேட்டேன்: "அண்ணே, அந்த மூணாவது தடவ நிக்காம ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பீங்கதானே?"

"ஜெயிச்சிருப்பேன்."

"நின்னதுக்கு வருத்தம் இல்லையா?"

"நின்னதுக்கு இல்ல." கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார். "பனியில்லாம, மழையில்லாம, யாரு கூடயும் வழக்குப் பேசாம ஒரே ஒரு தடவ அந்த மலையில ஓடணும்னு இருந்திச்சி. அதுக்குக்கூட விடல பாரு."

பிறகு அடுத்த கட்டையை இழுத்துப் போட்டார்.